டேங்கர் இழுக்க எந்தக் கியர்?

அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட்டிருப்பார்களே, அப்படித்தான் எங்கள் டிராக்டருக்கும் தொங்கவிட்டிருந்தது. பாட்டிலுக்குப் பதில் வெள்ளை பிளாஸ்டிக் கேன். குளுக்கோஸுக்குப் பதில் டீசல்.

பானெட் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தி, அதில் கேனைக் கட்டி, கேனிலிருந்து ரப்பர் குழாயை என்ஜினுக்கு விட்டிருந்தான் மெக்கானிக் தங்கராசு. டிராக்டரின் சொந்த டேங்க்கிலிருந்து ஒரு சொட்டும் இறங்காமல் அடைத்துவிட்டான். என்ஜின் குடித்தது போக மிச்சம் திரும்பி வருகிற குழாயையும் அதே கேனுக்குள்ளேயே விட்டான். என்ஜின் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு கேனில் இறங்கும். கண்ணால் பார்க்கலாம். ஏமாற்ற முடியாது.

அப்படித்தான் நினைத்தோம்.

தெருவே கூடி நின்றது. காலை வெயிலில் கேன் மஞ்சளாக மின்னியது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி வாயைத் திறந்து பார்த்தார்.

"ஏலே தங்கராசு, வண்டிக்கு என்ன, காய்ச்சலா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மாமா. வண்டி ஓட்டுற ரெண்டு பேருக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

அந்த ரெண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தர் என் வீட்டுக்காரர் கருப்பசாமி.

பழைய டிராக்டரும் தண்ணி டேங்கரும் நாங்கள் வாங்கிய கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'கட்டிய புருஷனைப் பெயர் சொல்லி எழுதலாமா' என்று மூன்று நான்கு பேர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரமும் பெயர் சொல்லித்தான் எழுதுவேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவர் சிரிக்கிறார். அவருக்கு வராத ரோஷம் உங்களுக்கு ஏன் வருகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேனில் ஏறுவது யார்?

நாங்கள் இரண்டு பேருமே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் சரவெடி பின்னுவார். வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சடை மாதிரி பின்னிக்கொண்டே போகிற வேலை. அவர் கை வேகத்துக்கு எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது. நான் கம்பி மத்தாப்புப் பக்கம். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்பு போட்டாலும் சோற்றில் ஒரு மருந்து வாடை இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த வேலை பிடிக்காது. பிடிக்காததைப் பிடிக்கும் என்று எழுத எனக்குத் தெரியாது.

மழை ஏமாற்றிய வருஷங்கள் அவை. செல்போன், முதலாளிகள் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம். சிவகாசியைச் சுற்றி கம்பெனிக்கும் அச்சாபீசுக்கும் தண்ணீர் வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒன்றிரண்டு கிணறுகளில் தண்ணீர் இருந்தது. அங்கே நிரப்பி இங்கே ஊற்றினால் பிழைப்பு நடக்கும் என்று வேலையை விட்டு டேங்கர் வாங்கினோம். அவர் ஓட்டுவார். நான் மட்கார்டில் உட்கார்ந்து போய், தொட்டி வந்ததும் டேங்கர் குழாயைத் திறந்துவிடுவேன்.

ஒரு குழாயைத் திறக்க ஒரு முழு ஆள் எதற்கு? இந்தக் கேள்வி எல்லோருக்கும் வந்தது. சித்திரையில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சீசன் ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ரெண்டு பேரும் சும்மா டிராக்டர்ல ஊர்வலம் போறீக. ஒராளை அனுப்புங்க. திங்கக்கிழமை வேன் வரும்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் யோசிக்கக்கூட இல்லை.

"நீ போ புள்ள."

"ஏன் நான்? நீங்க போங்க."

"நான் போனா வண்டிய எவன் ஓட்டுறது?"

"நான்."

சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டியைத் தரையில் அடித்தேன். காம்பு வளைந்துவிட்டது. இப்போதும் அந்தக் கரண்டிதான் வீட்டில் இருக்கிறது.

"ஓட்டுறீகளே, ஒழுங்கா ஓட்டுறீகளா? டீசல் அம்புட்டையும் புகையா ஊதுறீக. என்கிட்ட குடுங்க. இதவிடக் கம்மி டீசல்ல ஓட்டிக் காட்டுறேன்."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சமையலைக் குறை சொன்னால் பெண்களுக்குக் கோபம் வரும் என்பார்கள். பொய். டிரைவரைப் பார்த்து உனக்குக் கியர் போடத் தெரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும்.

மாப்பிள்ளைக்கு முன்னால் வந்த சத்தம்

கியர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போங்கள். எங்கள் டிராக்டரில் லோ, ஹை என்று இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் நாலு கியர். உழவுக்கு லோ, ரோட்டுக்கு ஹை. ஹை நாலுதான் டாப். நிறைந்த தண்ணி டேங்கர் அதை இழுக்கிற டிராக்டரைவிடப் பல மடங்கு கனம். தன்னைவிடக் கனமானதை இழுக்கும்போது எந்தக் கியரில் போனால் டீசல் மிச்சம்? இதுதான் சண்டை.

"டாப்புல போட்டா என்ஜின் மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்துனா கம்மியாக் குடிக்கும். இதுகூடத் தெரியலையா?" இது அவர் கட்சி.

"முதுகுல மூட்டைய ஏத்திட்டு மெதுவா மூச்சு விடுன்னா எவனால முடியும்? முக்கி முக்கிக் குடிக்குது. ஒரு கியர் எறக்கிப் போட்டா அது பாட்டுக்கு லேசா ஓடும். புகை கருப்பா வருதே, அது என்ன? எரியாத டீசல்." இது என் கட்சி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அண்ணன் வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலங்களை டிராக்டரில் உழுது கொடுப்பவர். ஒரு ஐப்பசியில் அவருக்கு மஞ்சள் காமாலை. மழை பெய்து நிலம் பதமாகக் கிடக்கிறது. விட்டால் காய்ந்துவிடும். நான் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. பொம்பளை உழுத நிலம் முளைக்குமா என்று ஒருத்தர் கேட்டார். முளைத்தது. மக்காச்சோளம். கேட்டவர் வீட்டு மாடும் தட்டையைத் தின்றது.

அதற்கு அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இரவல் டிராக்டரில் டிரெய்லர் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையே ஓட்டி வந்தார். எங்கள் தெருவுக்கு ஏறி வர ஒரு சின்ன மேடு உண்டு. நான் உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு என்ஜின் சாகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பக்கத்தில் நின்ற பெரியம்மா மகளிடம் கேட்டேன்.

"யாருக்கா அது, டாப்புல போட்டு வண்டியக் கொல்றது?"

"அதாண்டி மாப்பிள்ள."

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவர் கியரைக் கேட்டுவிட்டேன். முகம் நன்றாக இருந்ததால் கல்யாணம் நடந்தது.

கேனுக்கு லட்சுமி காவல்

பந்தயம் இதுதான். ஒரே டிராக்டர், ஒரே டேங்கர், ஒரே கிணறு, ஒரே கம்பெனித் தொட்டி. முதல் நாள் அவர், மறுநாள் நான். கிணற்றில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, வழியில் இருக்கிற பெரிய மேட்டை ஏறி, கம்பெனியில் ஊற்றிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். கேனில் யாருக்கு டீசல் அதிகம் மிஞ்சுகிறதோ அவருக்கு ஸ்டியரிங். தோற்றவர் திங்கட்கிழமை வேன் ஏற வேண்டும்.

ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் கூடப் போகக் கூடாது என்று தங்கராசு சட்டம் போட்டான். போனால் போகிற வழியெல்லாம் சண்டைதான் நடக்கும், வண்டி போய்ச் சேராது என்றான். சரிதான்.

அப்படியானால் நடுவழியில் கேனில் டீசல் ஊற்றிக்கொண்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தான். எங்கள் ஊரில் அச்சாபீசில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிளுக்குப் பஞ்சமில்லை. தாமரையில் உட்கார்ந்த லட்சுமி படம் போட்ட லேபிள் ஒன்றை எடுத்து, பசை தடவி, கேன் மூடியின் மேல் ஒட்டினான். மூடியைத் திறந்தால் லட்சுமி முகம் இரண்டாகக் கிழியும்.

"இப்பத் திறங்க மச்சான் பார்ப்போம்" என்றான்.

என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டம்

அவர் கிளம்பியபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தண்ணி வண்டி ஓட்ட எதற்கு வெள்ளைச் சட்டை என்று கேட்டேன். ஜெயித்து வரும்போது நன்றாக இருக்க வேண்டுமாம்.

நான் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வது பொய். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். பருப்பு அடிப்பிடித்தது. கருகின வாசம் தெருமுனை வரை போனது.

வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடினோம். அவர் சீட்டில் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து வந்தார். லட்சுமி கிழியவில்லை. கேனைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட எவ்வளவோ மிச்சம். கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மிச்சம்தான்.

"மேட்டுல என்ன கியர்?" என்று கேட்டேன்.

"டாப்பு."

"எறக்கவே இல்லையா?"

"எதுக்கு எறக்கணும்? பறந்துச்சு."

என் நகப்பாலிஷை வாங்கி, டீசல் நின்ற மட்டத்தில் தங்கராசு சிவப்புக் கோடு போட்டான். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டான். எங்கள் ஊரில் எவன் தும்மினாலும் சரம் கொளுத்துவார்கள். அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன்: "தூக்குவாளியக் கழுவி வை." வேனில் போகிறவர்கள் சோறு கொண்டுபோகிற வாளி அது.

அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. எனக்குத் தோற்பதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. அந்த மேட்டில் நிறைந்த டேங்கரோடு டாப்பில் ஏற முடியாது. ஏறியிருக்கிறது. எப்படி?

குடங்கள்

மறுநாள் கேனை மறுபடி நிரப்பி, புது லட்சுமி ஒட்டியதும் நான் ஏறினேன். டேங்கர் விளிம்பில் தண்ணீர் தளும்புகிற வரைக்கும் கிணற்றடியில் நிரப்பினேன். ஹை மூன்று போட்டேன். கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இழுத்து வைத்தேன். என்ஜின் டுக்குடுக்கு என்று ஒரே சீராகப் பேச ஆரம்பித்தது. புகைக்குழாயைப் பார்த்தேன். லேசான சாம்பல் நிறம். அதுகூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட வராது. சீமைக் கருவேலத்துக்கு நடுவே யார் கேட்கப் போகிறார்கள்? டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தன், "ஏலே, பொம்பள ஓட்டுதா" என்றான். "ஆமாலே, கண்ணு தெரியுதுல்ல" என்று கத்திவிட்டுப் போனேன். கேன் என் கண் முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. தாமரை லட்சுமி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரரின் அக்கா சண்முகத்தாய் கட்டிக்கொண்டு போன ஊர். எனக்கு மதினி முறை. அங்கே போனால் ரோட்டுக்கு நடுவே குடங்கள். வரிசையாக, ரோட்டை மறித்து, பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள். அவற்றுக்குப் பின்னால் அண்டா, டிரம். அவற்றுக்குப் பின்னால் மதினி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

பிரேக் அடித்தேன். டேங்கருக்குள் தண்ணீர் மோதி வண்டியை முன்னால் தள்ளியது.

"ஏட்டி பேச்சி! எறங்கு. குழாயத் திற."

"மதினி, இன்னைக்கு முடியாது. பந்தயம் நடக்குது."

"என்ன பந்தயம்? முந்தாநாளா, நேத்தா... நேத்துத்தான தம்பி வந்தான்? கேட்டதும் திறந்துவிட்டுட்டான். ஊரே பிடிச்சோம். மாட்டுத்தொட்டி முதக்கொண்டு நெறஞ்சு போச்சு. கூடப் பிறந்தவன்னா அவன். நீயும் வந்திருக்கியே."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சீட்டிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மதினி பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனார்.

டீசலுக்குச் சீல் வைத்தோம். தண்ணீருக்கு வைக்கவில்லை. பாதி டேங்கரை இந்த ஊர் மாடுகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சப் பாதியோடு மேடு ஏறியிருக்கிறார் மனுஷர். பறக்காமல் என்ன செய்யும்? கம்பெனித் தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் கிடந்ததால் கொண்டுபோன பாதியிலேயே நிறைந்திருக்கிறது. கம்பெனிக் காவலாளிக்கும் சந்தேகம் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

நானும் பாதியைத் திறந்துவிட்டுச் சரிக்குச் சரி போகலாம். ஆனால் எத்தனை குடம் என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அதோடு எனக்கு ஒரு வீம்பு. நிறைந்த டேங்கரைத்தான் நான் மேடு ஏற்றுவேன்.

இறங்கி மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன், போர்மேன், கியர், எல்லாம்.

"நான் ஜெயிச்சா திங்கக்கிழமை முதல் டேங்கர் இந்த ஊருக்கு. முழு டேங்கர். ஒரு சொட்டு கம்பெனிக்கு இல்ல. நான் தோத்தா வேன்ல போயிருவேன். பிறகு ஒங்க தம்பிகிட்டக் கேட்டுக்கோங்க. அவரு பந்தயம் இருந்தாத்தான் தண்ணி தருவாரு."

மதினி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"ஏட்டி, குடத்தை எல்லாம் எடுங்கடி! வண்டி போகட்டும்! அந்தப் பய இம்புட்டுக் கள்ளனா!"

மேட்டில் ஹை மூன்றோடு போனேன். பாதியில் சத்தம் கனத்தது. முக்க விடாமல் உடனே இரண்டுக்கு இறக்கினேன். மெதுவாக, நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில், புகையில்லாமல் ஏறியது. உச்சியில் நான் யாருக்கோ கும்பிடு போட்டேன். லட்சுமிக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு விரல்

வீட்டுக்கு வந்ததும் கேனைச் சுற்றித் தலைகள் மொய்த்தன. தங்கராசு குனிந்து பார்த்தான். அவருடைய சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே டீசல் நின்றது. அதாவது நான் அவரைவிட ஒரு விரல் அதிகமாக எரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆடினார். நிஜமாகவே ஆடினார். துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். "வேன் வருது, வேன் வருது" என்று பாட்டே கட்டிவிட்டார். தெரு சேர்ந்து பாடியது.

ஆடி முடிக்கட்டும் என்று இருந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியதும் கேட்டேன்.

"மாட்டுத்தொட்டி நெறஞ்சிருச்சா?"

துண்டு அப்படியே நின்றது.

"எந்த மாட்டுத்தொட்டி?"

"ஒங்க அக்கா ஊரு மாட்டுத்தொட்டி. பாதி டேங்கரக் குடத்துல ஊத்திட்டு மேடு ஏறுனீகளே, அதத்தான் கேக்கேன்."

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டீகளா? போடலல்ல? எங்கக்கா கேட்டா. குடுத்தேன். தாகத்துக்குத் தண்ணி குடுக்கது தப்பா?"

"எருமை மாட்டுக்கு வந்த தாகமா?"

தங்கராசு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். "மூடிக்குச் சீல் வச்சேன். குழாய்க்கு வைக்கலையே! நான்லாம் ஒரு நடுவரா?" பிறகு நகப்பாலிஷை எடுத்து என் மட்டத்திலும் ஒரு கோடு போட்டான். "முழு லோடுல அக்கா இந்தக் கோட்டுல வந்திருக்கு. மச்சான், நீங்களும் முழு லோடுல போங்க. இந்த ரெண்டாவது கோட்டுக்கு மேல நின்னா வண்டி ஒங்களுக்கு. நாங்க ரெண்டு பேரும் கூட வாரோம்."

"இவ கனத்துக்கு எம்புட்டு டீசல் கழிப்ப?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். தெரு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

முருகனும் வந்தார்

அடுத்த நாள் டேங்கர் குழாயிலும் லேபிள் ஒட்டினான் தங்கராசு. இந்தத் தடவை மயில்மேல் முருகன். டீசலுக்கு லட்சுமி, தண்ணீருக்கு முருகன். இவ்வளவு தெய்வங்கள் எந்த டிராக்டருக்கும் காவல் இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு மட்கார்டில் நான், இன்னொன்றில் தங்கராசு. கிளம்பியதும் டாப். என்ஜின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. புகைக்குழாயிலிருந்து கருப்பாக வந்தது, காக்காய்க் கூட்டம் கிளம்புகிற மாதிரி. காற்று எதிரே அடித்தது. கரித்தூள் எல்லாம் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

"கியர எறக்குங்க!"

"எறக்க மாட்டேன்!"

"சட்டையப் பாருங்க!"

"ரோட்டப் பாக்கவா, சட்டையப் பாக்கவா?"

"ரெண்டு பேரும் எறங்கிச் சண்டை போடுங்க, நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றான் தங்கராசு.

மதினி ஊரில் ஒரு குடம்கூட ரோட்டில் இல்லை. ஆனால் ஊரே ரோட்டோரம் நின்றது. தம்பியை வேடிக்கை பார்க்க மதினி குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மேடு ஆரம்பித்தது. உறுமல் முனகலானது. முனகல் இருமலானது. டக்... டக்... டக்... நான் கேனைப் பார்த்தேன். முதல் கோட்டை நெருங்கிவிட்டது. இரண்டாவது கோடு அதற்கு ஒரு விரல்தான் கீழே. பாதி மேடுகூட ஏறவில்லை. இன்னும் திரும்பி வேறு வர வேண்டும்.

ஒரு குலுக்கல். என்ஜின் நின்றுவிட்டது.

டேங்கர் பின்னால் இழுத்தது. அவர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். தங்கராசு குதித்து ஓடி டயருக்குக் கல் கொடுத்தான். அந்தக் கணத்தில் கியரும் பந்தயமும் மறந்துவிட்டன. வண்டி நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. டேங்கருக்குள் தண்ணீர் மட்டும் களக் களக் என்று ஆடியது.

கீழேயிருந்து மதினி மூச்சு வாங்க ஏறி வந்தார். எங்கிருந்து எடுத்தாரோ, இடுப்பில் ஒரு குடம்.

"ஏலே கருப்பா, கொஞ்சம் தண்ணியத் திறந்துவிடவா? கனம் கொறையும். ஏறிரும்."

"முருகன் இருக்காரு மதினி" என்றான் தங்கராசு.

மதினி குனிந்து குழாயைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு, காலிக் குடத்தோடு இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் கேனைப் பார்த்தார். முகமெல்லாம் கரி. சட்டை சட்டையாக இல்லை. எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சீட்டை விட்டு எழுந்தார். மட்கார்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை நோக்கி முகவாயை நீட்டினார்.

"ஏத்து" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, ஹை ஒன்று போட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விட்டேன். வண்டி நகர்ந்தது. உச்சியில்தான் வாயைத் திறந்தார்.

"தூக்குவாளிய நானே கழுவிக்கிடுறேன்."

கம்பெனித் தொட்டியில் ஊற்றிய பிறகு, திரும்பும்போது ஸ்டியரிங்கை அவரிடமே கொடுத்தேன். பந்தயம்தான் முடிந்துவிட்டதே. வெறும் வண்டியில் அவர் டாப் போட்டார், ரேஸை, அதாவது கை ஆக்சிலேட்டரை, நன்றாகக் குறைத்துவிட்டார். வண்டி மெதுவாக, முக்காமல், தூங்குகிற பிள்ளை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு போனது. கேனைப் பார்த்தேன். இறங்கவே இல்லை என்று சொல்லலாம். முந்தின நாள் நான் வெறும் வண்டியையும் ஹை மூன்றில்தான் ஓட்டி வந்திருந்தேன். அந்த ஒரு விரல் எங்கே போனதென்று அப்போது தெரிந்தது. தங்கராசு என்னைப் பார்த்தான். நான் சீமைக் கருவேலத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை

வேன் வந்தது. என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு ஏறினார். உள்ளேயிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. "அண்ணே, டாப்புல உக்காருங்க" என்று ஒருத்தி இடம் காட்டினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "பிரேக்கப் பாத்து மிதி" என்றார்.

முதல் டேங்கர் மதினி ஊருக்குப் போனது. குழாயில் ஒட்டியிருந்த முருகனை மதினியே தண்ணீர் தொட்டு ஊறவைத்து, ஒரு ஓரமும் கிழியாமல் உரித்தெடுத்து, வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டார். அண்டா, டிரம், மாட்டுத்தொட்டி எல்லாம் நிறைந்தது. எருமைகூட என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

சாயங்காலம் கடைசி லோடை ஊற்றிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினேன். வழியில் அவருடைய பட்டாசுக் கம்பெனி. வேலை விடுகிற நேரம். கேட்டில் வேனுக்காகக் கூட்டமாக நின்றார்கள். கையெல்லாம் வெள்ளி மருந்தோடு, தூக்குவாளியோடு, நடுவில் அவர். அன்றைக்குச் சரம் பின்னியதில் அவரை யாரும் முந்தவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கேட்டுக்கு நேரே வரும்போது டாப் போட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரேஸக் கொறை புள்ள! வெறும் வண்டி!"

குறைத்தேன். என்ஜின் சத்தம் அப்படியே அடங்கி மெத்தென்று ஆனது. அவர் சொன்னது சரி. இன்று வரை அதை அவரிடம் சொல்லவில்லை. இந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தை மட்டும் வேகமாக வாசித்துவிடுவேன்.